முகத்தைப் பார்த்து நோவைச் சொல்லும் செயலி: பெயின்செக் பற்றி என் அனுபவம்

மெல்பேர்ணின் தென்கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து 11 வருடம். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் எங்கள் கைவேலை. சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. போனை ஒருவரின் முகத்துக்கு நேரே மூன்று விநாடி பிடித்து, அவருக்கு நோகிறதா என்று பார்ப்பது. அந்தச் செயலியின் பெயர் பெயின்செக்.

அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் விட்டிருக்கும் எங்கள் ஆட்கள் என்னைக் கோயிலில் கண்டாலும் கொண்டாட்டத்தில் கண்டாலும் கேட்கிற கேள்வி இது: "அக்கா, போனைப் பிடிச்சு நோவு பாக்கினமாமே, அது உண்மையே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், வயது 84. எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, தொழிற்சாலையில் வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். ஆங்கிலம் நன்றாகவே பேசியவராம். மறதி நோய் முற்றியபோது பிந்திப் படித்த மொழிதான் முதலில் போனது. இப்போது அவரிடம் இருப்பது தமிழ் மட்டும், அதுவும் துண்டு துண்டாக. "நோகுதே அம்மா?" என்று கேட்டால், எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "இல்லைப் பிள்ளை, ஒண்டுமில்லை." அந்தத் தலைமுறைப் பெண்கள் நோகிறது என்று வாய் திறந்து சொல்லிப் பழகவில்லை. மறதி நோய் மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோனது, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

போன வருடம் மாரிகாலத்தில் இவர் குளிக்க மறுக்கத் தொடங்கினார். சட்டையில் கை வைத்தால் கத்துவார், கையை ஓங்குவார். ஒருநாள் என் கன்னத்திலும் விழுந்தது. ஷிஃப்ட் மாறும்போது எழுதி வைக்கும் குறிப்பில் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வசனம்: மூர்க்கமாக இருக்கிறார், ஒத்துழைக்க மறுக்கிறார். அமைதிப்படுத்த மருந்து கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்துவிட்டது. எனக்கு அவரின் இடது கையில்தான் சந்தேகம். "தோள் நோகுது போல" என்று மூன்று தடவை எழுதினேன். அந்த மூன்று குறிப்பும் குறிப்போடு குறிப்பாகக் கிடந்தன.

அப்புறம் ஒரு காலை, சட்டை கழற்றும் நேரத்தில் பெயின்செக்கைத் திறந்தேன். குளிப்பதற்கு முன்பு, கதிரையில் சும்மா இருக்கும்போது எடுத்தது 4 புள்ளி. நோவு இல்லை என்ற அளவு. இடது கையைத் தூக்கி, சட்டையை உருவி, உடனே திரும்ப எடுத்தேன். 14. நடுத்தர நோவு. முகத்தில் மட்டும் ஐந்து அசைவுகளைக் கமெரா பிடித்திருந்தது: புருவம் கீழே இறங்கியது, இமை இறுகியது, மேலுதடு உயர்ந்தது, வாய் திறந்தது, கண் மூடியது. மேலுதடு உயர்ந்ததை நான் கண்டிருக்கவே மாட்டேன். என் கண் அந்த நேரம் அவரின் கையில் இருந்தது, அடி விழாமல் பார்ப்பதில் இருந்தது.

14 என்ற எண்ணோடு பொறுப்பு நேர்ஸிடம் போனேன். அன்றே டொக்டருக்குச் செய்தி போனது. தோள்மூட்டு இறுகிப் போயிருந்தது. நோவு வந்தால் பார்த்துக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்த பனடோலை நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னார்கள். காலைக் குளிசையைக் குளிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பு வைத்தார்கள். இயன்மருத்துவர் வந்து பயிற்சி காட்டினார். உடுப்புப் போடும்போது நோகிற கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பது என்ற பழைய பாடத்தை எல்லோரும் திரும்பக் கடைப்பிடித்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு, சட்டை மாற்றி முடித்ததும் எடுத்தபோது 6. அமைதிப்படுத்தும் மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நான் மூன்று தடவை எழுதியும் கேட்காத காது ஒரு எண்ணைக் கேட்டது. எனக்கு இதில் மனவருத்தம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மாவின் பக்கம் நின்று பார்த்தால், கேட்டதே பெரிய காரியம்.

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் பலர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கும் இடம் இதுதான். போனைப் பிடித்தவுடன் அது நோவைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்று நினைக்கிறார்கள். செயலியில் மொத்தம் 42 கேள்விகள், ஆறு பகுதிகள். முகம் 9, குரல் 9, அசைவு 7, நடத்தை 7, அன்றாடச் செயல் 4, உடல் 6. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை, ஆம் என்றால் ஒரு புள்ளி. 6 வரைக்கும் நோவு இல்லை. 7 முதல் 11 வரை இலேசானது, 12 முதல் 15 வரை நடுத்தரம், 16உம் அதற்கு மேலும் கடுமையானது. இந்த 42இல் கமெரா தானாகப் பார்ப்பது முகத்தின் ஒன்பதை மட்டும்தான். மீதி 33ஐயும் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் பார்த்துப் பதிய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முகத்தில் ஒன்பதும் தெரிந்தாலும், மற்ற ஐந்து பகுதியையும் ஒருவர் கவனிக்காமல் இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டு போனால், பதில் "இலேசான நோவு" என்றுதான் வரும்.

இதைச் சொல்வது குறை பிடிக்க அல்ல. இப்படி அமைத்திருப்பதைத்தான் நான் இந்தச் செயலியில் மிகவும் மதிக்கிறேன். இது பேர்த் நகரத்தின் கேட்டின் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அவுஸ்திரேலியாவில் மருத்துவக் கருவியாக 2017இல் பதிவானது. 2019இல் அரசு 50 இலட்சம் டொலர் ஒதுக்கி, மறதி நோயாளர் இருக்கும் இல்லங்களில் இதைப் பாவித்துப் பார்க்க உதவியது. செய்தவர்களில் மருந்தியல் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அது தெரிகிறது. நோவு ஒருவரின் நித்திரையிலும் நடையிலும் கோபத்திலும் ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிக் கேள்வி வைப்பார்கள். நித்திரை மாறியிருக்கிறதா? ஒரு இடத்தை மறைத்துப் பிடிக்கிறாரா? தொட்டால் பயப்படுகிறாரா? அசையாமல் உறைந்து போகிறாரா? இந்தக் கேள்விகளை ஒரு நாளைக்கு ஒரு தடவை வாசித்தாலே ஒரு புதுப் பிள்ளை நல்ல பராமரிப்பாளர் ஆகிவிடும்.

முன்பு நாங்கள் பாவித்தது அபே வலி அளவுகோல். அவுஸ்திரேலியாவிலேயே உருவான ஒரு தாள். ஆறு விடயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நாமே புள்ளி போட வேண்டும். அதைப் பழித்துச் சொல்ல மாட்டேன், வருடக்கணக்காகக் கை கொடுத்தது. ஆனால் முகச்சுளிப்புக்கு நான் 2 போடுவேன், அதே முகத்துக்கு இன்னொருவர் 1 போடுவார். சிரித்த முகமான ஆளுக்கு ஒரு மாதிரியும், எங்களை ஏசுகிற ஆளுக்கு இன்னொரு மாதிரியும் கை போகும். மனிதர்தானே. கமெராவுக்கு அந்த அம்மா யாரை அடித்தார் என்று தெரியாது. புருவம் இறங்கியதா இல்லையா என்பது மட்டும் தெரியும். முகத்தைப் பொறுத்தவரை அந்த நடுநிலை எனக்குப் பெரிய நிம்மதி.

கமெரா பார்க்கிற இந்த முக அசைவுகளுக்கு ஒரு பழைய அடித்தளம் உண்டு. முகத்தின் தசைகள் ஒவ்வொன்றின் அசைவுக்கும் எண் கொடுக்கும் முறையை 1978இல் உளவியலாளர்கள் போல் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் வெளியிட்டார்கள். நோவு வரும்போது அவற்றில் எவை சேர்ந்து வரும் என்று கனடாவின் கென்னத் பிர்காச்சின் 1992இல் எழுதினார்: புருவம் இறங்குதல், கண்ணைச் சுற்றி இறுகுதல், மூக்குச் சுருங்கி மேலுதடு உயர்தல், கண் மூடுதல். என் அம்மா பிரசவ வேதனையில் கிடந்த பெரியக்காவின் முகத்தைப் பார்த்தே "இன்னும் நேரம் கிடக்கு" என்றாவாம். அவ பார்த்ததும் இவைதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கணினி முகத்தைப் பார்த்து "இவர் கவலையாக இருக்கிறார், இவர் கோபமாக இருக்கிறார்" என்று மனசைச் சொல்வதை நான் நம்பவில்லை. முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியைத் திடமாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பரெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். மைக்ரோசொஃப்ட் 2022இல் தன் முகமறியும் சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் பகுதியை நீக்கிக்கொண்டது. வேலைத்தளத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆட்களின் உணர்ச்சியைக் கணினியால் கணிப்பதை 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. அந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று ஒரு தொழிலாளியாகச் சொல்கிறேன். வாய் பேச முடியாத ஒருவருக்காக அவர் முகத்தைப் பாருங்கள். எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிற என் முகத்தைப் பார்த்து எனக்குப் புள்ளி போட வேண்டாம்.

இனிக் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்.

பார்கின்சன் நோய் உள்ளவர்களின் முகத்தசை இறுகிவிடும், முகம் அசையாது. எங்களிடம் ஒரு கிரேக்கத் தாத்தா இருந்தார். இடுப்பு எலும்பு உடைந்து வந்த கிழமையில்கூட அவர் முகம் மூடிய கதவு மாதிரித்தான். அப்படியானவர்களுக்கு முகத்தின் ஒன்பதில் ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். அவர் கட்டிலின் கம்பியைப் பிடிக்கும் விதத்தில்தான் நோவு தெரியும். அதைப் பதிவதற்கு நிற்கிற ஆளுக்குக் கண் வேண்டும்.

சிரிப்பு இன்னொன்று. வடமராட்சி அம்மாவுக்குக் கமெராவைக் கண்டால் படம் எடுக்கிறோம் என்று நினைப்பு. "பொட்டு வைக்காமலோ எடுக்கிறாய்?" என்று கேட்பார். அதனால் என் சீருடைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பொட்டுத் தாள் இருக்கும். பொட்டு வைத்ததும் நிமிர்ந்து இருந்து சிரிப்பார். கன்னம் உயர்வதும் உதட்டோரம் இழுபடுவதும் அந்த ஒன்பதுக்குள் இருக்கிற அசைவுகள்தான், சிரித்தாலும் அவை இரண்டும் வரும். தனியாக அந்த இரண்டு புள்ளி எதையும் தீர்மானிக்காது. ஆனாலும் சிரித்து முடியும்வரை பொறுத்து, முகம் தன் பாட்டில் திரும்பி வந்த பிறகு எடுப்பது என் வழக்கம்.

மூன்றாவது, மொழி. குரல் பகுதியில் முனகல், அழுகை, உதவி கேட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிடுதல் எல்லாம் உண்டு. தமிழ் தெரியாத ஒரு தோழி ஒரு பின்னேரம் இந்த அம்மாவுக்கு எடுத்த கணக்கில் குரலுக்கு மட்டும் நான்கு ஆம் இருந்தது. விசாரித்தால், அது விளக்கு வைக்கும் நேரம். அம்மா தேவாரம் பாடி, நடுவில் "அப்பனே, முருகா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தோழிக்கு அது உதவி கேட்டுக் கத்துவதாகப் பட்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? மறுபக்கமும் உண்டு. கதிரையால் எழும்பும்போது "ஐயோ" என்பது எங்கள் வயதானவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதே "ஐயோ" கொஞ்சம் இழுபட்டு, முடிவில் குரல் உடைந்தால் அது வேறு. அந்த வேறுபாடு தெரிய வீட்டு ஆள் வேண்டும்.

கோபத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை செய்த வேறொரு இல்லத்தில், மாதக் கடைசியில் எல்லோருக்கும் கணக்கு எடுத்து முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். சிலர் ஆட்கள் நித்திரையில் இருக்கும்போது சுற்றி வந்து எடுத்துவிடுவார்கள். நித்திரையில் இருப்பவருக்கு 2, 3 தானே வரும். அந்த மனிதர் காலையில் கட்டிலால் இறங்கும்போது படும் பாட்டை அந்த 2 சொல்லாது. தாளில் எல்லாம் பச்சை, ஆள் நோவில். இதில் செயலியின் பிழை ஒன்றுமில்லை. சும்மா இருக்கும்போதும் எடுக்க வேண்டும், அசைத்த பிறகும் எடுக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். ஆள் பற்றாக்குறையில் ஓடுகிறவர்களுக்கு அந்த இரண்டாவது தடவைக்கு நேரம் கொடுப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நோவைக் குணக்கேடு என்று எடுத்து மயக்க மருந்து கொடுப்பது இந்த நாட்டில் சின்ன விடயமாக இருக்கவில்லை. முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு 2019இல் தந்த இடைக்கால அறிக்கையே மருந்தால் கட்டிப்போடுவதை உடனே திருத்த வேண்டிய விடயங்களில் ஒன்றாகச் சொன்னது. அதற்கு முன்பே, 2011இல், நோர்வேயில் 18 இல்லங்களில் மறதி நோயுள்ள 352 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு முறையாகப் படிப்படியாக நோவு மருந்து கொடுத்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பெற்றது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற பரசிற்றமோல்தான். எட்டுக் கிழமையில் அவர்களின் கொந்தளிப்பு 17 வீதம் குறைந்தது. என் கன்னத்தில் விழுந்த அடிக்கும் அந்த 17 வீதத்துக்கும் நடுவில் இருப்பது யாரோ ஒருவர் நின்று பார்ப்பது மட்டும்தான்.

வாங்குவது பற்றி: இல்லங்கள்தான் சந்தா கட்டி எடுக்கின்றன, எனவே குடும்பம் செய்ய வேண்டியது கேட்பது. பராமரிப்புத் திட்டக் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடும்போது "நோவு பார்த்தீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில் வரும், அதோடு முடிந்துவிடும். "அசைத்த பிறகு எடுத்தது எத்தனை? அதில் முகம் எத்தனை, மற்றவை எத்தனை?" என்று கேளுங்கள். போன மாதத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், வரைபடமாகவே செயலியில் பார்க்கலாம். முடிந்தால் ஒருநாள் காலை குளிக்க வார்க்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

புள்ளி கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். செயலியின் புள்ளி தன்னந்தனியாக எதையும் சொல்லாது என்பதற்காகத்தான் அந்த ஒன்றைக் குறைத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் போகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

தமிழ் மட்டும் பேசுகிற பெற்றோர் இருந்தால் இன்னுமொன்று செய்யலாம். நான் அந்த அம்மாவின் மகளோடு சேர்ந்து ஒரு தாளில் சொற்களை எழுதினேன். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அதன் பொருள். நோகுது, உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, வயித்தைப் பிரட்டுது. உளைவு என்பதை எழுதும்போது மகளே யோசித்தார். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. நோவுக்கும் உளைவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நாள் முழுக்க நின்றுவிட்டுப் படுத்தால் காலுக்குள் வருமே, தொட்டுக்காட்ட இடம் இல்லாத ஒன்று, அது உளைவு என்றேன். அந்தத் தாளை உடுப்பு அலுமாரிக் கதவில் ஒட்டினோம்.

இரவு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அம்மா அவளைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். போன கிழமை விடியற்காலை நான் உள்ளே வரும்போது அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, உ…லை…யுதா?"

அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"ஓம் தங்கச்சி. இந்தக் கால்."